மாண்டலினுக்கு உயர்தர பிக் வாங்குவது எப்படி: கனம், முனை, ஓரம், பொருள் – முழுமையான வழிகாட்டி

மாண்டலின் பிக், அதாவது தந்தியை மீட்டும் சிறு தகடு, வாங்குவதில் பெரும்பாலானவர்கள் வரிசையை மாற்றிப் பிடிக்கிறார்கள். முதலில் கம்பெனிப் பெயர், அடுத்து விலை, கனமும் (தடிமனும்) முனையும் கடைசியில். சரியான வரிசை இதற்கு நேர் எதிர். எந்தக் கனம், எந்த முனை உங்கள் கைக்கும் வாத்தியத்துக்கும் ஒத்துவரும் என்பதைச் சில பத்து ரூபாய் பிக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். அது தெரிந்த பிறகு கொடுக்கிற ஆயிரங்கள்தான் நாதமாகத் திரும்பி வரும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உயர்தர பிக்கைக் கையில் எடுத்து, தடவி, வாசித்துப் பார்த்து வாங்க உள்ளூரில் வழி குறைவு. பெரும்பாலும் தபாலில் வரவழைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது பிடிக்காமல் போனால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைதான் இதில் பெரிய வேலை. அதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

மாண்டலினில் பிக் படும் பாடு

மாண்டலினுக்கு எட்டுத் தந்திகள், நான்கு ஜோடி: ஜி, டி, ஏ, இ. நடுத்தர ஸ்டீல் செட் ஒன்றை எடுத்தால், மேல்ஸ்தாயி இ தந்தி சுமார் 0.28 மி.மீ., ஜி தந்தி சுமார் 1 மி.மீ. தந்தியின் நீளம் 35 செ.மீ. அளவுதான். இவ்வளவு குட்டையான தந்தி இவ்வளவு இறுக்கமாக நிற்பதால், விரலுக்கு ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்காது. பிக் ஒரு மீட்டில் ஒன்றல்ல, இரண்டு தந்திகளைக் கடக்க வேண்டும்.

இங்கேதான் கிதார் பிக் தோற்கிறது. 0.5 அல்லது 0.7 மி.மீ. பிக் முதல் தந்தியில் வளைந்து, விடுபட்டுத் துள்ளி, இரண்டாவது தந்தியில் போய் அடிக்கும். காதில் விழுவது ஒரு ஸ்வரம் இல்லை. ஒரு ‘டக்’ சத்தமும் அதன் பின்னால் ஒரு மெலிந்த ஸ்வரமும். கனமான பிக் வளையாது. இரண்டு தந்தியையும் ஒரே வேகத்தில் தள்ளி விடுவிக்கும். ஜோடி ஒன்றாகப் பேசும். மாண்டலின்காரர்கள் 1 மி.மீ.க்குக் கீழே அதிகம் இறங்காததற்குக் காரணம் இதுதான்.

மின் மாண்டலினுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. கர்நாடக மேடையில் மாண்டலினுக்கு இடம் பிடித்துக் கொடுத்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலின். ஜோடித் தந்தி இல்லாதபோது பிக்கின் மேல் ஏறும் பாரம் குறையும், 0.9, 1.0 மி.மீ. கூடத் தாராளமாக வேலை செய்யும். ஆனால் உங்கள் வாத்தியத்தில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு) அடியில் பியசோ பிக்கப் (அதிர்வை மின்னொலியாக மாற்றும் உணரி) இருந்தால், முனை தந்தியில் படும் ‘க்ளிக்’ அத்தனையும் ஒலிபெருக்கியில் வரும். காந்தப் பிக்கப்பில் அந்தத் தொல்லை குறைவு, அது தந்தியின் அசைவை மட்டும்தான் எடுக்கும். பியசோ உள்ளவர்கள் முனை உருண்ட, ஓரம் மெருகான பிக்கையே தேட வேண்டும்.

படி 1: முதலில் வாத்தியம்

பழைய தந்தியை வைத்துக்கொண்டு பிக் சோதிப்பது, ஊசிப்போன சோற்றில் குழம்பின் ருசியைப் பார்ப்பது மாதிரி. தந்தியில் கறுப்போ துருவோ விரலில் ஒட்டினால் செட்டையே மாற்றுங்கள். மாற்றிய இரண்டு மூன்று நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்; அது நிலைத்த பிறகு சோதனையைத் தொடங்குங்கள். ஜோடித் தந்திகள் இரண்டும் துல்லியமாக ஒரே சுருதியில் நிற்கட்டும். கொஞ்சம் விலகி நின்றாலும் அந்த அலை அலையான ஒலியைப் பிக்கின் குணம் என்று நினைத்து ஏமாறுவோம். எந்த மெட்டிலாவது (விரல் பலகையின் குறுக்குக் கம்பியில்) தந்தி உரசிச் சலசலத்தால் அது குதிரையின் உயரமோ மெட்டின் தேய்மானமோ. எந்த பிக்கும் அதைச் சரிசெய்யாது.

படி 2: சோதனைக்கு ஒரு மலிவு செட்

டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் வரிசை இதற்கு வசதி, நிறத்தை வைத்தே கனம் சொல்லிவிடலாம்: பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14 மி.மீ. இந்த மூன்றும், அதே கம்பெனியின் அல்டெக்ஸ் 1.14-உம், 1.4 அல்லது 1.5 மி.மீ. கனத்தில் ஏதாவது ஒரு முக்கோண பிக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய். முக்கோண வடிவம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், காரணம் கீழே வரும்.

பெயர் அச்சடிக்காத பிக்காக இருந்தால் கனத்தை அளந்தே தீர வேண்டும். கண்ணுக்கு 1.2-உம் 1.4-உம் ஒன்றாகத்தான் தெரியும். கைக்குத் தெரியாமல் போகாது. டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்கலாம். இல்லாவிட்டால் பக்கத்து நகைப்பட்டறையிலோ லேத் பட்டறையிலோ அளந்து தரச் சொல்லிக் கேட்கலாம், ஒரு நிமிட வேலை. அளக்கும்போது நடுப்பகுதியில் அளவெடுங்கள்; ஓரம் சீவியிருப்பதால் அங்கே அளவு குறைத்துக் காட்டும்.

படி 3: கனத்தை முடிவு செய்தல்

எல்லா பிக்குக்கும் ஒரே பாடம் வாசிக்க வேண்டும். இன்றைக்கு ஒரு பாட்டு, நாளைக்கு ஒரு பாட்டு என்று மாற்றினால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. இந்த நாலும் போதும்.

முதலாவது, மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முதல் பாடம், மூன்று காலம். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்தால் முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டில் இரண்டு, மூன்றில் நான்கு. மூன்றாம் காலத்தில் பிக் தந்தியில் மாட்டுகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஜண்டை வரிசை. ஒவ்வொரு இரட்டை ஸ்வரத்திலும் கீழ்மீட்டு ஒன்று, மேல்மீட்டு ஒன்று. இரண்டும் ஒரே காத்திரத்தில் வர வேண்டும். மேல்மீட்டு மட்டும் மெலிந்து போனால் பிக் மெல்லிசு, அல்லது பிடி தளர்வு.

மூன்றாவது, ஏ தந்தியில் அரை நிமிடம் ட்ரெமலோ (ஒரே ஸ்வரத்தை மேலும் கீழும் விடாமல் வேகமாக மீட்டுவது), மெல்லத் தொடங்கி உரக்கப் போய்த் திரும்ப மெல்ல இறங்கி. மாண்டலினில் நீண்ட கார்வைக்கு ட்ரெமலோவை விட்டால் வழியில்லை. அதனால் இந்தச் சோதனைக்குத்தான் மதிப்பு அதிகம். மெல்ல வாசிக்கும்போது கனமான பிக் முரண்டு பிடிக்கலாம். உரக்கப் போகும்போது மெல்லிய பிக் படபடக்கும்.

நான்காவது, ஜி தந்தியில் ஒரே ஒரு மீட்டு, அதன் மேல் இடது கையால் ஒரு கமகம். தோடியின் காந்தாரமோ பைரவியின் நிஷாதமோ, உங்களுக்குப் பழகியது எதுவோ அது. கமகம் முடியும்வரை நாதம் நிற்கிறதா? கர்நாடகம் வாசிப்பவர்கள் இந்தக் கேள்விக்கு மற்ற மூன்றையும்விட அதிக மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு மீட்டில் நாலு அசைவு காட்ட வேண்டியவருக்கு, மீட்டின் முதல் நொடியில் எல்லா ஒலியையும் கொட்டித் தீர்க்கிற பிக் உதவாது.

பொதுவாகக் கைக்கு வருவது இப்படி: திரைப்பாட்டு, மெல்லிசை, வேகமான துணுக்குகள் அதிகம் வாசிப்பவர்கள் 1.0-இலிருந்து 1.2-இல் நிற்பார்கள். தனியாக, மைக் இல்லாமல், முழு நாதம் தேடுபவர்கள் 1.4, 1.5-க்கு நகர்வார்கள். புதிதாக 1.5-க்கு மாறும்போது முதல் மூன்று நாள் கை மரத்தைப் பிடித்த மாதிரி இருக்கும். அதற்காக உடனே தள்ளிவிட வேண்டாம். பிடியைத் தளர்த்தக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் கொடுங்கள்; கனமான பிக்கை இறுக்கிப் பிடிக்கத் தேவையே இல்லை.

படி 4: வடிவமும் முனையும்

கிதார் பிக் என்றால் கண்ணுக்கு வருவது நீர்த்துளி வடிவம்: ஒரு கூர் முனை, இரண்டு தோள். மாண்டலினுக்குப் பெரிய முக்கோணம் சிறந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து. மூன்று முனையும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்று தேய்ந்தால் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்குவதற்கு இது மூன்று மடங்கு ஆயுள். அகலம் அதிகம், ஆகவே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே இறுக்காமலேயே நிற்கும். சிறிய கை உள்ளவர்கள், குழந்தைகள் மட்டும் நீர்த்துளியில் தொடங்கலாம்.

முனை எவ்வளவு உருண்டிருக்க வேண்டும் என்பதுதான் குரலைத் தீர்மானிக்கிறது. கூர்முனை தந்தியை ஒரு புள்ளியில் கிள்ளுகிறது. மேல் ஒலிகள் (அடிநாதத்தோடு சேர்ந்து எழும் மெல்லிய உச்ச ஒலிகள்) நிறைய எழும்பும். ஒலி பளிச்சென்று, ஸ்வரம் தனித்தனியாக வரும், ஆனால் இ தந்தி காதைக் குத்தும். உருண்ட முனை அகலமாகத் தொட்டு நகர்கிறது. மேல் ஒலிகள் அடங்கி, அடிநாதம் முன்னுக்கு வரும். மிகவும் உருண்டுவிட்டால் மூன்றாம் காலத்தில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழையும்.

உங்கள் மாண்டலினே மெல்லிய, கீச்சுக் குரலாக இருந்தால் (மலிவு விலை ஒட்டுப்பலகை வாத்தியங்கள் பல அப்படித்தான்) உருண்ட முனை, 1.4-க்கு மேல். குரலே அடங்கிய வாத்தியத்துக்குக் கொஞ்சம் கூர். வாத்தியத்தின் குறையை ஈடுகட்டுகிற பக்கம் போக வேண்டும், அதைக் கூட்டுகிற பக்கம் போகக்கூடாது.

படி 5: ஓரம்

பணம் எங்கே போகிறது என்று கேட்டால், பாதி இங்கேதான் போகிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் பூசி மெருகேற்றியதைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். கடைசி மெருகுதான் அந்தச் சுவரைச் சுவராக்கியது. பிக்கிலும் அப்படியே. அச்சில் வார்த்து எடுத்த மலிவு பிக்கின் ஓரத்தை நகத்தால் வருடினால் நடுவே ஒரு மெல்லிய மேடு தட்டுப்படும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. அந்த மேடு தந்தியில் உரசும்போது வருவதுதான் ‘சிர்ர்’ என்ற பிசிறு. சுருள் சுற்றிய ஜி, டி தந்திகளில் இது நன்றாகக் கேட்கும்.

உயர்தர பிக்கில் இந்த ஓரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நுண்மையான தாளால் இழைத்து, கடைசியில் பஃப் போட்டிருப்பார்கள். அதோடு பெவல் இருக்கும், அதாவது ஓரத்தைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். வாசிக்கும்போது பிக் தந்திக்கு நேராக நிற்பதில்லை. கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி ஓரம் சீவப்பட்டிருந்தால் தந்தி வழுக்கிக்கொண்டு விடுபடும், 1.5 மி.மீ. பிக் கூட 1 மி.மீ. மாதிரி லேசாக ஓடும்.

இதில் கவனிக்க வேண்டியது கை. பல கம்பெனிகள் வலக்கைப் பெவல், இடக்கைப் பெவல் என்று தனித்தனியே செய்கின்றன. வலக்கைக்காரர் இடக்கைப் பெவலை வாங்கினால் சீவிய பக்கம் தந்தியைத் தொடாது, தடித்த விளிம்பு தொடும். ஆர்டர் போடும் பக்கத்தில் இந்தத் தேர்வு சின்ன எழுத்தில் இருக்கும். பார்க்காமல் விடாதீர்கள். இரண்டு பக்கமும் சமமாக உருட்டிய பெவல் கிடைத்தால் அந்தக் கவலை இல்லை.

படி 6: எந்தப் பொருள்

செல்லுலாய்டு: பழைய கால பிக். குரல் இனிமை, விலை மலிவு, ஆனால் சீக்கிரம் தேயும். எளிதில் தீப்பற்றும் பொருள் இது. சாமி விளக்குப் பக்கம், கற்பூரத் தட்டுப் பக்கம், அடுப்பங்கரை மேடையில் வைக்கவே கூடாது.

நைலான் மென்மையாக வளைவது, மாண்டலினுக்குச் சுமார்தான். டார்டெக்ஸ் அசிட்டல் வகைப் பிளாஸ்டிக்: வியர்வையிலும் வழுக்காது, சோதனைக்கும் பயிற்சிக்கும் நல்ல உழைப்பாளி. குரலில் கொஞ்சம் மந்தம் உண்டு.

அல்டெக்ஸ் அதைவிட விறைப்பு. குரல் பளிச்சென்று இருக்கும். இதே பொருளில் ஓரத்தை இழைத்து மெருகேற்றி டன்லப் விற்பது பிரைம்டோன். எங்கள் கணிப்பில், ‘உயர்தரம்’ என்ற சொல்லுக்குள் நுழையும் முதல் படி இதுதான், விலையும் சில நூறு ரூபாயோடு நிற்கும். 1.4 மி.மீ. பிரைம்டோன் முக்கோணத்தோடு நிறைவாக இருக்கிறவர் மேலே போகவே தேவையில்லை.

அடுத்த படி நெதர்லாந்தில் மிஷேல் வேகன் செய்யும் கைவேலை பிக்குகள். நல்ல பெவல், கதகதப்பான குரல். அதற்கும் மேலே அமெரிக்காவின் டென்னசியில் செய்யப்படும் ப்ளூ சிப். அது பாலிஇமைட் இனத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக். இந்த இனத்தை எந்திர பேரிங்குகளுக்கும் விமான எஞ்சின் பாகங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். உராய்வு மிகக் குறைவு, தேய்மானமும் மிகக் குறைவு. அதனால்தான் தந்தியை விட்டு விலகும்போது சத்தமே போடுவதில்லை. மூலப்பொருளே விலை கூடியது. ஒரு பிக் 35 டாலருக்கு மேல், அதோடு தபால் செலவும் சுங்கமும். நம் ஊர் வெயிலுக்கு இது ஒத்துப்போகும்: சித்திரை, வைகாசி வியர்வையிலும் விரலில் நிற்கும், வெயிலிலும் வளையாது.

கேசின் என்பது பாலில் இருக்கும் புரதத்திலிருந்து செய்வது. ஆமையோட்டுக்கு மிக நெருங்கிய குரல் புரதப் பொருள்களில்தான் வருகிறது என்று பலர் விரும்புகிறார்கள். ரெட் பேர் கம்பெனியின் பிக்கும் விலங்குப் புரதத்தில் செய்ததுதான். ஆனால் இந்த வகை ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முனை உப்பி, தட்டை வளைந்துபோவது உண்டு. எருமைக் கொம்பிலும் இதே சிக்கல், கூடவே ஏடு ஏடாகப் பிரியவும் செய்யும். இவற்றை வாங்கினால் வாசித்து முடித்ததும் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு கனமான தகடுகளுக்கு நடுவே வைக்கும் பழக்கம் வேண்டும்.

ஆமையோடு பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு காலத்தில் உலகத்திலேயே சிறந்த பிக் என்று பெயர் வாங்கியது அழுங்காமையின் ஓடு. மன்னார் வளைகுடாக் கடலில் வாழும் அதே ஆமைதான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. நாடுகளுக்கிடையே அதன் வணிகமும் தடை. பழைய வீட்டுப் பெட்டியில் ஆமையோட்டுச் சீப்போ டப்பாவோ கிடைத்தாலும் அதை வெட்டிப் பிக் செய்ய நினைக்காதீர்கள், விலைக்கும் கேட்காதீர்கள். பாலிஇமைட், கேசின் பிக்குகள் அந்த இடத்தை நன்றாகவே நிரப்புகின்றன.

நம் கையில் இருப்பது கொட்டாங்குச்சி. சரோட் என்ற வடஇந்தியத் தந்தி வாத்தியம் வாசிப்பவர்கள் பயன்படுத்தும் ‘ஜவா’ தேங்காய்ச் சிரட்டையில் செய்வதுதான். முற்றிய பெரிய தேங்காயின் பக்கவாட்டில், வளைவு குறைந்த இடத்தில் 3 செ.மீ. துண்டு வெட்டி, இருபுறமும் அரத்தால் ராவி 2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து, தாளால் இழைத்து, தேங்காயெண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டால் பிக் தயார். குரல் கதகதப்பு, ஆனால் ஸ்டீல் சுருளில் சீக்கிரம் சிராய்க்கும், முனையை அடிக்கடி இழைக்க வேண்டும். மெல்ல வாசிக்கும் உருப்படிகளுக்கு மிக அழகு. 2 மி.மீ.க்குக் கீழே ராவினால் முனை தெறித்துவிடும்.

படி 7: கண்ணை மூடிக் கேட்பது

வாசிப்பவரின் காது வாத்தியத்துக்கு மேலே, பின்புறம் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது வேறு. அதனால் போனை உங்களுக்கு எதிரே ஒன்றரை மீட்டர் தள்ளி, உட்கார்ந்தவரின் காது உயரத்தில் வையுங்கள். மடியில் வைத்துப் பதிந்தால் ‘க்ளிக்’ சத்தம் மட்டும் பெரிதாகத் தெரியும், நாதம் தெரியாது.

இடமும் முக்கியம். செட்டிநாட்டு வீட்டின் வளவிலோ (நடு முற்றத்திலோ) ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையிலோ (கூடத்திலோ) உட்கார்ந்து வாசித்தால் எல்லா பிக்கும் பிரமாதம்தான். கல் தரையும் மெருகுச் சுவரும் மேல் ஒலிகளை அப்படியே திருப்பி அனுப்பும். கூர்முனை பிக்கின் குறை எதிரொலியில் மறையும். முதல் பதிவை மெத்தை, துணிமணி, திரைச்சீலை உள்ள உள்ளறையில் எடுங்கள். இரண்டாவது பதிவை வளவில் எடுங்கள். இரண்டிலும் பிடித்திருந்தால்தான் அது உங்கள் பிக்.

வீட்டில் ஒருவரை அழைத்து, சீட்டில் எண் எழுதி, நீங்கள் பார்க்காதபடி ஒவ்வொரு பிக்காகக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். படி 3-இல் சொன்ன நாலு பாடம், ஐந்து பிக், மொத்தம் முக்கால் மணி நேரம். பதிவுகளை அன்றைக்கே கேட்க வேண்டாம். மறுநாள் காலையில், எந்த எண் எந்த பிக் என்று தெரியாமலேயே, ஹெட்போனில் கேட்டு வரிசைப்படுத்துங்கள். விலையும் பெயரும் காதுக்குள் புகுந்து தீர்ப்பை மாற்றாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கையோடு ஒரு சின்னச் சோதனையும் உண்டு. பிக்கை ஓரடி உயரத்திலிருந்து கல் தரையில் போடுங்கள். விறைப்பான பொருள் ‘டிங்’ என்று சொல்லும், மென்மையானது ‘தொப்’ என்று விழும். பளிச்சென்ற குரல் எதில் வரும் என்பதற்கு அது ஒரு குறிப்பு, முடிவான தீர்ப்பு அல்ல. கொம்பு, கொட்டாங்குச்சி, கல்லில் செய்த பிக் ஆகியவற்றை மட்டும் இப்படிப் போட வேண்டாம், முனை உடையும்.

படி 8: ஆர்டர் போடும்போது

இங்கே எண் குழப்பம் நிறையப் பேரை மாட்டிவிடுகிறது. ப்ளூ சிப்பில் வரும் எண் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. அதை 0.0254-ஆல் பெருக்கினால் மி.மீ. கிடைக்கும்: 40 என்றால் 1.02, 45 என்றால் 1.14, 50 என்றால் 1.27, 55 என்றால் 1.4, 60 என்றால் 1.52. வேகனில் வரும் எண் மி.மீ.யின் நூற்றில் ஒரு பங்கு: 100 என்றால் 1.0, 120 என்றால் 1.2, 140 என்றால் 1.4, 150 என்றால் 1.5. சோதனையில் உங்களுக்கு ஊதா டார்டெக்ஸ் பிடித்திருந்தால் ப்ளூ சிப்பில் 45-இன் பக்கம், வேகனில் 120-இன் பக்கம் பார்க்க வேண்டும். விறைப்பான பொருளுக்கு மாறும்போது அதே கனம் கைக்குக் கொஞ்சம் கூடுதல் கெட்டியாகத் தெரியும். இரண்டு அளவுக்கு நடுவே தயங்கினால் மெல்லியதை எடுங்கள்.

ப்ளூ சிப்பின் சிடி 55 மாண்டலின்காரர்களிடம் பேர்பெற்றது: 1.4 மி.மீ., உருண்ட முனை. எதில் தொடங்குவது என்று தெரியாதவர் அதில் தொடங்கலாம், ஆனால் படி 3-ஐ முடித்துவிட்டுத்தான்.

கம்பெனியின் சொந்தத் தளத்திலோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பாதி விலைக்கு வரும் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் எல்லாம் பாலிஇமைட் ஆகிவிடாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது வந்தால் கையோடு கொண்டுவரச் சொல்வதுதான் செலவு குறைந்த வழி. நம் பக்கத்தில் அதற்கு ஆள் கிடைப்பது சிரமமில்லை. ஒரே நேரத்தில் மூன்று நாலு வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, ஒரு மாதம் வாசித்து, பிறகு முடிவு செய்யுங்கள்.

வந்த பிறகு: பழக்குவதும் பேணுவதும்

புது பிக் முதல் நாளில் கொஞ்சம் பிசிறினால் பயம் வேண்டாம். ஜீன்ஸ் துணியில் ஓரத்தை வைத்து ஐம்பது அறுபது முறை தேய்த்தாலே பெரும்பாலும் அடங்கும். மலிவு பிக்கின் ஓரத்தையும் இப்படி உயர்த்தலாம்: 600 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடி மேல் விரித்து, பிக்கை 30 பாகை சாய்த்து ஒரே திசையில் இழுங்கள். அச்சு மேடு போனதும் 1000, பிறகு 2000. கடைசியில் பருத்தித் துணியில் ஒரு துளி பற்பசை வைத்து மெருகு. முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள், முனை கோணலாகும். ப்ளூ சிப், வேகன் இரண்டும் கம்பெனியிலேயே முடித்து வருபவை. அவற்றில் தாளை வைக்க வேண்டாம். கேசின், கொம்பு பிக்குகளுக்குத் தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தாள்தான்.

மாதம் ஒருமுறை முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அடுத்த முனைக்கு மாறுங்கள். தேய்மானம் எந்தப் பக்கம் என்பதே உங்கள் சாய்வு எவ்வளவு என்று சொல்லிவிடும்.

பிக் தேய்ந்து போவதைவிடத் தொலைந்து போவதுதான் அதிகம். சட்டைப்பையில் வைத்தால் துவைக்கிற கல்லுக்குப் போய்விடும். பழைய குங்குமச் சிமிழ் ஒன்றில் பஞ்சு வைத்து அதில் போட்டு, மாண்டலின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தந்திக்கு நடுவே செருகி வைக்கும் பழக்கம் வேண்டாம். தந்தியும் கோணும், பிக்கும் கோணும். வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் செல்லுலாய்டையும் கேசினையும் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள்.

சத்தத்தை வைத்துக் குறையைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு மீட்டிலும் ‘சிக் சிக்’ என்றால் பிக் மிகவும் மெல்லிசு, அல்லது முனை அளவுக்கு மீறிக் கூர். சுருள் தந்தியில் மட்டும் ‘சர்ர்’ என்றால் ஓரம் சொரசொரப்பு, அல்லது பிக்கை அளவுக்கு மேல் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். சாய்வைக் குறைத்துப் பாருங்கள். பிக் விரலுக்குள் சுழன்றுகொண்டே போனால் வடிவம் சிறியது, முக்கோணத்துக்கு மாறுங்கள். வியர்வையில் வழுக்கினால் பிடிக்கும் இடத்தில் மட்டும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடலாம், முனைப் பக்கம் போகாமல். விபூதியோ பவுடரோ தொட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் வியர்வை வற்றும். அப்புறம் அது சுருளுக்குள் போய்ச் சேர்ந்து தந்தியை மந்தமாக்கும்.

ட்ரெமலோ நொண்டினால் பெரும்பாலும் குறை பிக்கில் இல்லை, பிக்கின் நீட்டத்தில். முனை விரலுக்கு வெளியே 5 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அது தந்திக்குள் ஆழமாக இறங்கி மாட்டும். 3 மி.மீ. அளவுக்கு உள்ளே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இ தந்தி அடிக்கடி அறுந்தால் பிக் மேல் பழி போடுவதற்கு முன் தந்தி எங்கே அறுகிறது என்று பாருங்கள்: குதிரை மேல் அறுந்தால் குதிரையின் வெட்டு கூர்மை, மேல்நட்டில் (கழுத்தின் உச்சியில் தந்தி படியும் கட்டையில்) அறுந்தால் பள்ளம் இறுக்கம். பிக் படும் இடத்தில் அறுந்தால் மட்டும்தான் பிக்கின் முனையைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் குரல் மெலிந்தே இருந்தால், எங்கே மீட்டுகிறீர்கள் என்று பாருங்கள். குதிரைக்கு இரண்டு விரல் தள்ளி மீட்டினால் எந்த பிக்கும் தகர ஒலிதான் தரும். மெட்டுப் பலகை முடியும் இடத்துக்குக் கையை நகர்த்துங்கள்.